கேட்டதற்கு மட்டும் பதில்

ஜூன் 16, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் மறுபடியும் மண்டையைப் போட்டது. எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாராம். பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் பிடித்துக் குளித்தோம்.

தன்ஷிகா காலையிலிருந்து சிணுங்கல். பாத்ரூம் போனால் எரிகிறதாம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை, பாட்டில் கொண்டுபோன மாதிரியே திரும்பி வருகிறது. சுபாஷிணி பார்த்துவிட்டு, சிவந்திருக்கிறது என்றாள். டாக்டர் குடும்பத்தோடு கொடைக்கானலில் இருக்கிறார். படம் எடுத்து அனுப்பச் சொன்னார். "என் போன்ல எடு. ஒரு தடவை பாத்ததும் மறையுற மாதிரி அனுப்பு, அனுப்பினதும் போன்ல இருந்தும் அழிச்சிடு" என்றேன். வக்கீல் பெண்டாட்டிக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. டாக்டர் பார்த்த கையோடு சூடு என்று சொல்லி ஒரு களிம்பின் பெயரை அனுப்பினார். சாயங்காலம் எரிச்சல் குறைந்துவிட்டது.

நாளை முன்சீப் கோர்ட்டில் வரப்புத் தகராறு வழக்கு. என் ஜூனியர் முகுந்தன் பேப்பர்களை அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஜூன் 18, செவ்வாய்

கோர்ட்டுக்குக் கிளம்பும்போது மின்னஞ்சல் திறக்கவில்லை. கணக்கு முடக்கப்பட்டதாக ஒரு அறிவிப்பு. காரணத்தை எழுதவே கை கூசுகிறது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தொடர்பான படம் கண்டறியப்பட்டதாம். உரிய அமைப்புகளுக்குத் தெரிவித்தும் விட்டார்களாம்.

என்ன படம் என்று விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டேன். என் போனிலிருந்து சுபா அழிப்பதற்குள் அது தானாகவே அந்தக் கணக்கின் இணையச் சேமிப்புக்குப் போயிருக்கிறது. அங்கே எந்த இயந்திரமோ பார்த்து, பெற்ற தகப்பனுக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிட்டது.

கட்சிக்காரர்களின் பத்திர நகல்கள், இத்தனை வருட வழக்குக் குறிப்புகள், தன்ஷிகா பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கோர்ட்டில் வாய்தா வாங்கிவிட்டு வந்தேன். நீதிபதி, "என்ன வக்கீலய்யா, உடம்பு சரியில்லையா?" என்றார். மின்சாரம் போய் மின்விசிறியும் நின்றிருந்ததால் வியர்வைக்குக் காரணம் சொல்லத் தேவைப்படவில்லை.

ஜூன் 19, புதன்

முகுந்தனிடம் மட்டும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு. என்னைவிட அவன்தான் கலங்கிப்போனான். ஆறு வருடமாக என்னிடம் ஜூனியர். சிறு ஊர்க் கோர்ட்டில் ஜூனியர் என்றால் சீனியரின் வீட்டு வேலையும் சேர்த்துத்தான். நானும் என் சீனியர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் தூக்கியவன்தான். இவன் காய்கறி வாங்கித் தருவான், மூன்றரைக்குத் தன்ஷிகாவைப் பள்ளியிலிருந்து வண்டியில் கூட்டிவந்து, கூட்டுறவு வங்கியிலிருந்து சுபா வரும்வரை வீட்டில் பார்த்துக்கொள்வான். சொந்தத் தம்பி இருந்தால் கூட இவ்வளவு செய்யமாட்டான்.

"அந்தப் படத்த இப்ப யார் யார் சார் பாத்திருப்பாங்க?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டான். எனக்கு இல்லாத கவலை அவனுக்கு.

ஜூன் 22, சனி

தன்ஷிகா படுக்கையை நனைத்துவிட்டாள். மூன்று வயதிலேயே விட்ட பழக்கம். மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டோம்.

ஜூன் 24, திங்கள்

எதிர்பார்த்ததுதான். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆரோக்கியமேரி என்று ஒரு அம்மா வந்தார், ஆலோசகராம். கூடவே சீருடை இல்லாமல் ஒரு பெண் போலீஸ். காலையில் போன் செய்துவிட்டு வந்ததால் சுபாவைத் தயார்படுத்த எனக்கு நேரம் கிடைத்தது. கூண்டில் ஏறும் எல்லாருக்கும் நான் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு எதிராளி வீட்டுக்குள் வந்துவிடுவான்.

ஆரோக்கியமேரி காபி வேண்டாம் என்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். "படத்த நாங்க இன்னும் பாக்கல சார். கேட்டு எழுதியிருக்கோம், வர நாளாகும். அதனாலதான் நேர்ல கேக்குறோம்."

"அதுல பாக்க ஒண்ணுமில்ல மேடம். சூட்டுச் சிவப்பு. டாக்டரே சொல்லிட்டார்."

அவர் சுபாவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க? எதனால வந்துச்சு?"

சுபா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையில் அவளுக்குப் பாடம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "வெயில்" என்றாள்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

"இல்ல."

என் கட்சிக்காரர்களில் ஒருவர் கூட இவ்வளவு சுத்தமாகச் சாட்சி சொன்னதில்லை. அடுத்து அந்த அம்மா, குழந்தையிடம் கொஞ்சநேரம் தனியாகப் பேசலாமா என்று கேட்டார். நீதிமன்ற உத்தரவு இருந்தால் காட்டுங்கள் என்றேன். இல்லை என்றார். அப்படியானால் முடியாது என்றேன். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், தன் நம்பரை ஒரு தாளில் எழுதி என்னிடம் தராமல் சுபாவிடம் தந்துவிட்டுப் போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

அந்த அம்மா பள்ளிக்கே போய்க் கேட்டுவிட்டால்? அதனால் தன்ஷிகாவுக்கும் பாடம் எடுத்தேன். யார் எது கேட்டாலும், "அப்பாவைக் கேளுங்க" என்று சொல்ல வேண்டும். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். நான் போலீஸ் மாதிரி குரலை மாற்றிக் கேட்டேன், அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள்.

"முகுந்த் மாமாவும் இதேதான் சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு" என்றாள். நான் சொல்லாமலே செய்திருக்கிறான் பாருங்கள். ஜூனியர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மோட்டார் சரியானது. காயில் போயிருந்ததாம்.

ஜூன் 29, சனி

மின்னஞ்சல் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய மேல்முறையீடு தயார். முகுந்தன் நல்ல வேகத்தில் எழுதியிருக்கிறான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதற்கான தீர்ப்புகளை நான் சேர்த்தேன். என்னை அறியாமல் என் வீட்டுப் படத்தைத் துழாவ எந்த நிறுவனத்துக்கும் அதிகாரம் இல்லை, சந்தேகத்தை மட்டுமே வைத்து ஒரு குடிமகனைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று எட்டுப் பத்திகள். ஒன்பதாவது அவனாகவே சேர்த்தது. கணக்கைத் திருப்பித் தருவதோடு, அந்தப் படத்தின் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழிக்க வேண்டும், எந்த அமைப்புக்கும் தரக் கூடாது. எனக்கே தோன்றாத கோரிக்கை. "இதுதான் சார் முக்கியம். பாப்பாவோட மானம்" என்றான். கண் கலங்கியிருந்தது.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 3, புதன்

காலையில் ஒரே ரகளை. பள்ளிக்குப் போகமாட்டாளாம். அடித்துக் கிளப்ப வேண்டியதாயிற்று. அடிக்கவில்லை, கையை ஓங்கினேன். வாசலில் வாந்தி. "இன்னிக்கு நானே போய்க் கூட்டிட்டு வர்றேங்க" என்றாள் சுபா. மாதத் தொடக்கத்தில் வங்கியில் எப்படி விடுவார்கள்? முகுந்தன் இருக்கும்போது எதற்கு வீண் அலைச்சல் என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த அம்மா வந்துபோன நாளிலிருந்தே இவள் இப்படித்தான் ஊமையாக இருக்கிறாள். பயந்திருக்கிறாள்.

ஜூலை 8, திங்கள்

வழக்கறிஞர் சங்கத்தில் அந்தரங்க உரிமை பற்றிப் பேசச் சொன்னார்கள். என் பெயரைச் சொல்லாமல், யாரோ ஒருவருக்கு நடந்ததாகப் பேசினேன். தபால்காரர் ஒவ்வொரு கவரையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார் என்றால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். நல்ல கைதட்டல். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் வக்கீல் எழுந்து, "அப்ப நெசமாவே தப்புப் பண்றவனை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்றார். அது போலீஸ் வேலை, அதை என் பீரோவில் தேட வேண்டாம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

முகுந்தன் முன் வரிசையில் இருந்தான்.

ஜூலை 11, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான்கரைக்கு வீட்டுக்கு வந்தேன். சுபாவின் செருப்பு வாசலில் கிடந்தது. லீவு போட்டுவிட்டு அவளே பள்ளிக்குப் போயிருக்கிறாள். முகுந்தன் அங்கே வந்து நின்றானாம். "இனிமே நீங்க வரவேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. செய்கிற மனிதனை இப்படியா அவமானப்படுத்துவது என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "வர்ற வழியில பாப்பா கேட்டா, இனிமே தினம் நீயே வருவியாம்மான்னு. வர்றேன்னேன். அப்பத்தான் சொன்னா."

என்ன சொன்னாள் என்பதைச் சுபா என்னிடம் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன்.

நான் முதலில் செய்தது வாதாடியது. குழந்தைகள் கற்பனை செய்யும், டிவியில் எதையாவது பார்த்திருக்கும், ஆறு வருடமாக நம் சோற்றைத் தின்கிறவன் என்று ஏதேதோ சொன்னேன். இடையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒன்பதாவது பத்தி ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"உனக்கு முன்னாடியே சந்தேகமா?"

"படம் எடுத்த அன்னிக்கே. தொடவே விடல அவ. முகுந்த் மாமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அழுதா. அதுக்கு மேல சொல்லல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்தம்மா கேட்டப்பவே சொல்ல வாயெடுத்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு சொன்னது நீங்க. நீங்களும் என்னை ஒண்ணும் கேக்கல."

தன்ஷிகா உள்ளறையில் தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். கோர்ட்டில் எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்தவன், என் குழந்தையிடம் ஒரு கேள்வி கேட்க வார்த்தை கிடைக்காமல் திணறினேன். கடைசியில், "முகுந்த் மாமா உன்னை ஏதாவது செஞ்சாங்களாடா?" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. பென்சிலை வைத்துவிட்டு, நான் சொல்லிக்கொடுத்த அதே குரலில் சொன்னாள். "அப்பாவைக் கேளுங்க."

"நான்தான்டா அப்பா."

"வீட்டு விஷயம் வெளிய சொல்லக் கூடாது."

ஜூலை 12, வெள்ளி

கோர்ட்டுக்குப் போகவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஒருமுறை எழுந்தேன். சுபா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த நம்பர் எழுதிய தாளை அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாள்.

ஜூலை 13, சனி

ஆரோக்கியமேரி காலையிலேயே வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாப்பா சாப்ட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளறையில் இருவரும் வெகுநேரம் இருந்தார்கள். நாங்கள் வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். முதலில் பேச்சுச் சத்தமே இல்லை. பிறகு தன்ஷிகா ஏதோ சிரித்தாள். பிறகு மறுபடியும் சத்தமில்லை. வெளியே வந்தவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், நீங்க ஒரு காரியம் பண்ணணும். அப்பா சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கன்னு அவ பிடிவாதமா நிக்கிறா. நீங்களே வந்து சொல்லலாம்னு சொல்லணும்."

போய்ச் சொன்னேன். தன்ஷிகா என்னை நம்பலாமா என்று யோசிப்பது போல் பார்த்தாள். "போலீஸ் குரல்ல கேட்டாலுமா?" என்றாள். கேட்டாலும் சொல்லலாம் என்றேன். ஆரோக்கியமேரி என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

மதியம் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். எழுதிக் கொடுத்தது சுபா. என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.

ஜூலை 15, திங்கள்

முகுந்தனை வத்தலக்குண்டில் அவன் அக்காள் வீட்டில் வைத்துப் பிடித்திருக்கிறார்கள்.

ஜூலை 18, வியாழன்

அவன் போனைத் திறக்க மறுக்கிறான். கடவுச்சொல்லைக் கேட்பது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று அவன் வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். பிரதி வாங்கிப் படித்தேன். பாதி என் வரிகள். நான் தேடி எடுத்த தீர்ப்புகள், அதே வரிசையில். போலீஸ் வேலையை ஒருவனின் பீரோவில் தேட வேண்டாம் என்ற வாக்கியம் கூட என்னுடையதுதான், சங்கத்தில் பேசியது.

எதிர்ப்பு மனுவுக்குக் குறிப்பு எழுதித் தரலாம் என்று உட்கார்ந்தேன். அந்த வாதங்களில் ஓட்டை எங்கே என்று தேடினேன். பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. வேறொருவன் வழக்கென்றால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன். என்னை ஒரு இயந்திரம் அப்படிப் பழித்தது தவறு என்று இப்போதும்தான் நினைக்கிறேன். ஆனால் என்னை வைத்தே அத்தனையையும் யோசித்தேன். அந்தப் படத்தில் நான் இல்லை, என் மகள் இருந்தாள். அவளுக்கு ஏன் அப்படி ஆனது என்று கேட்க இந்த வீட்டுக்குள் ஒரே ஒருவர்தான் வந்தார், அவரிடம் நான் உத்தரவு கேட்டேன்.

சுபா தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 19, வெள்ளி

இன்ஸ்பெக்டர் அம்மா கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "மெடிக்கல்ல ஒண்ணும் தெரியல சார், நாளாகிப்போச்சு. டாக்டர் அன்னிக்குப் படத்த லேசாத்தான் பாத்தேங்கிறார், என்ன பாத்தோம்னு இப்ப உறுதியா சொல்ல முடியலையாம். பாப்பா சொன்னது இருக்கு, அது போதும்னு சட்டமே சொல்லுது. ஆனா ஆறு வயசுக் குழந்தைய அவங்க வக்கீல் எப்படிக் கேப்பார்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? அந்தப் படம் தேதியோட கெடைச்சா டாக்டர் அதை வெச்சுச் சாட்சி சொல்லிடுவார். குழந்தை மேல பாரம் பாதி கொறையும்."

அந்தப் படம் டாக்டரிடம் இல்லை. ஒரு தடவை பார்த்ததும் மறைய வேண்டும் என்று சொன்னது நான். போனிலும் இல்லை. அழிக்கச் சொன்னதும் நான். உலகத்தில் அது இருக்கிற ஒரே இடம் அந்த முடக்கப்பட்ட கணக்குதான். போலீஸிலிருந்து கேட்டு எழுதியதற்கு, கணக்குக்கு உரியவரின் ஆட்சேபம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறதாம்.

காவல் நிலைய வாசலிலேயே நின்று அந்த நிறுவனத்துக்குப் போனில் எழுதினேன். ஒன்பதாவது பத்தியைத் திரும்பப் பெறுகிறேன், படத்தைப் பத்திரமாக வைத்திருந்து காவல்துறையிடம் கொடுங்கள், கணக்கு எனக்கு வேண்டியதில்லை. அனுப்பியதும், கடிதம் கிடைத்தது, வரிசைப்படி பார்க்கப்படும் என்று உடனே ஒரு பதில் வந்தது. அது மனிதன் எழுதிய பதில் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

தன்ஷிகா படுக்கையை நனைக்கவில்லை. தோசை கேட்டாள், இரண்டு சாப்பிட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

மதியம் கோர்ட்டு வராண்டாவில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. என் பழைய மின்னஞ்சல் திறந்திருந்தது. வழக்குக் குறிப்புகள், பத்திர நகல்கள், ஆயிரக்கணக்கான படங்கள், எல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தன. மேலே ஒரு கடிதம்.

எங்கள் குழு உங்கள் மேல்முறையீட்டைப் பரிசீலித்தது. அந்தப் படத்தில் விதிமீறல் எதுவும் இல்லை என்று முடிவு செய்துள்ளோம். உங்கள் ஒன்பதாவது கோரிக்கையை ஏற்று அதன் எல்லாப் பிரதிகளும் நிரந்தரமாக அழிக்கப்பட்டன. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

ஒரு மாதமாக இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். படத்தில் தவறு எதுவும் இல்லை என்று யாராவது எழுத்தில் தர வேண்டும் என்று ஊரெல்லாம் வாதாடினேன். தந்துவிட்டார்கள். இனி முகுந்தனின் வக்கீல் இதையே சாட்சியமாகக் காட்டுவார்.

உடனே போன் செய்தேன், எழுதினேன். இன்ஸ்பெக்டரும் எழுதினார். அழித்ததைத் திரும்ப எடுக்க வழியில்லையாம். நான் வெள்ளிக்கிழமை அனுப்பிய கடிதம் இன்னும் வரிசையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சுபாவிடம் போனைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மறுபடியும் மேலிருந்து படித்தாள். என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். போனை மேசைமேல் வைத்துவிட்டு, தன்ஷிகா பல் துலக்கிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தாள்.

"அப்ப கோர்ட்ல எல்லாத்தையும் அவளேதான் சொல்லணுமா?"

"ஆமா" என்றேன்.